வாசகர் கேள்விகள்: கிவிப் பறவை

பேரிஜம் ஏரிப் பக்கம் சோலை ஓடைக்கரையில், அந்தி நேரத்தில் நீண்ட அலகுள்ள பழுப்புப் பறவை ஒன்று சேற்றைக் குத்திக்கொண்டிருந்தது. கிட்டப் போனதும் பறந்துவிட்டது. கிவி என்கிறார்கள். சரியா?
– வாசகர், கொடைக்கானல்

பறந்ததே பதில் சொல்லிவிட்டது. கிவிக்கு இறக்கை சில சென்டிமீட்டர்தான், ரோமம் போன்ற இறகுக்குள் மறைந்து கிடக்கும். நியூசிலாந்துக்கு வெளியே அது காட்டில் எங்கும் இல்லை. பார்த்த மாதம் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடைப்பட்டதென்றால், வுட்காக் எனப்படும் உள்ளான் இனப் பறவையாக இருக்கலாம். குளிர்காலத்தில் பழனி மலைக்கும் நீலகிரிக்கும் வருவது, ஈரச் சருகில் மண்புழு தேடுவது. வேலை இரண்டுக்கும் ஒன்றுதான், கருவிதான் வேறு. வுட்காக்கின் நாசித் துளை மற்றப் பறவைகளைப் போல அலகு முகத்தோடு சேரும் இடத்தில் இருக்கும். கிவிக்கு அலகின் நுனியில். முகர்ந்துகொண்டே மண்ணைக் குத்தும், துளையில் மண் ஏறினால் 'புஸ்' என்று ஊதித் தள்ளும்.

என் மாணவர்கள் கிவியை வரைந்தால் பந்தில் ஊசி குத்தியதுபோல் வருகிறது. வாட்டர் கலரில் இறகும் திட்டுத்திட்டாகிவிடுகிறது. எப்படித் திருத்துவது?
– ஓவிய ஆசிரியை, உதகமண்டலம்

பந்தை விட்டுவிட்டு, படுக்கவைத்த பேரிக்காயிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பருத்த பக்கம் பின்னால், காம்புப் பக்கம் முன்னால் தாழ்ந்து. வால் கிடையாது. பழுப்புக் கிவியின் உயரம் சுமார் 40 செ.மீ., பெட்டையின் அலகு ஏறக்குறைய 13, சேவலுடையது 10. ஆகவே அலகு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மிகைப்படுத்துவது பெரும்பாலும் இங்கேதான். நுனி லேசாகக் கீழே வளையும், முகத்தோடு சேரும் இடத்தில் பூனை மீசை போல நீண்ட முடிகள் உண்டு. கண் சிறியது. கண்ணைப் பெரிதாக்கினால் கோழிக்குஞ்சாகிவிடும்.

அடுத்த தவறு கால். வெளியே தெரியும் மடிப்பு கணுக்கால், முழங்கால் இறகுக்குள் இருக்கிறது. தொடை தடித்தது. உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு கால்கள்தான், அதனால் குச்சியாக வரையக் கூடாது. முன்னே மூன்று விரல், பின்னே சிறிதாக ஒன்று.

மாணவர்கள் மனம் தளர வேண்டாம். 1813இல் லண்டனில் ஜார்ஜ் ஷா முதன்முதலாக இப்பறவையை விவரித்தபோது வெளியான படத்தில் கிவி பென்குயினைப் போல நிமிர்ந்து நிற்கிறது. கைக்கு வந்தது வெறும் தோல், நடையைப் பார்த்தவர் யாரும் அங்கே இல்லை. வரையும் முன் பிள்ளைகளுக்குக் கிவி நடக்கும் வீடியோ ஒன்றைக் காட்டுங்கள். குனிந்து, அலகால் தரையைத் தட்டித் தட்டிப் போகும் அந்த நடை மனத்தில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது.

இறகு திட்டாவதற்கு உதகைப் பனிமூட்டமே காரணம். மேலே காய்ந்ததுபோல் தெரியும், தாளுக்குள் ஈரம் நிற்கும். புறங்கையைத் தாளில் வையுங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. 300 ஜிஎஸ்எம் தடித்த தாள் எடுத்து, ரா சியன்னாவில் (மஞ்சள் பழுப்பு) கொஞ்சம் பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) சேர்த்து ஒரே பூச்சு, முழுக்கக் காயட்டும். பிறகு நீரைத் துணியில் ஒற்றியெடுத்த தட்டைத் தூரிகையின் முடியை விரல்களால் பிரித்து, முதுகிலிருந்து கீழ்நோக்கி இழுக்க வேண்டும். கடைசியில் 1ஆம் எண் தூரிகையால் கரும்பழுப்புக் கீற்றுகள் சில போதும். கிவி இறகில் இழைகளைக் கோக்கும் கொக்கிகள் இல்லாததால் ஒவ்வொன்றும் தளர்ந்து தொங்கும். செதில் செதிலாக இறகு போட்டால் அது கிவி ஆகாது.

சில்வர் ஓக்கில் கிவி செதுக்குகிறேன். அலகு ஒடிந்துகொண்டே இருக்கிறது.
– வாசகர், கோத்தகிரி

ஒரே கட்டையில் செதுக்குவதால்தான். உடலுக்கு ஏற்ப நார் ஓட்டம் படுக்கையாக இருக்கும், அலகோ சாய்ந்து இறங்குகிறது. குறுக்கு நாரில் மெல்லிய பாகம் நிற்காது. அலகைத் தனித் துண்டில், நார் நீளவாட்டில் ஓடும்படி செதுக்குங்கள். பாதி அளவுச் சிற்பம் என்றால் 6 செ.மீ. நீளம், அடியில் 6 மி.மீ., நுனியில் 3 மி.மீ. தடிமன் இருக்கட்டும். அடியில் ஒரு முளை விட்டு, முகத்தில் 12 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு மரப்பசையால் பொருத்துங்கள். கால்களுக்குள் பித்தளைக் கம்பி ஓடி அடிப்பலகை வரை இறங்கட்டும், பாரம் முன்னால் சாயும். பச்சை மரத்தில் கை வைக்காதீர்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு உலர்த்துவது பொதுக் கணக்கு. இறகுக் கீறலுக்கு வி-உளி, நாரோடு ஓட்டுங்கள். எதிர்த்து ஓட்டினால் சிராய் பெயரும்.

ஷூ பாலிஷ் டப்பாவில் கிவி ஏன்?
– வாசகர், வெலிங்டன் (நீலகிரி)

1906இல் மெல்போர்னில் அந்தப் பாலிஷைத் தொடங்கிய வில்லியம் ராம்சேயின் மனைவி நியூசிலாந்துக்காரர். தபால்தலை சேர்ப்பவரானால் நியூசிலாந்தின் 1898 ஆறு பென்னித் தலையைத் தேடிப் பாருங்கள், அதிலும் கிவி உண்டு.

முட்டை அவ்வளவு பெரிதாமே?
– மாணவி, குன்னூர்

தாயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை. கோழிக்கு அது சுமார் மூன்று சதவீதம்தான். கிவி முட்டையில் 65 சதவீதம் மஞ்சள் கரு. அந்தச் செலவுக்குக் கணக்கு இருக்கிறது. குஞ்சு முழு இறகோடு வெளிவரும், பெற்றோர் ஊட்டுவதில்லை. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்தே முதல் பத்து நாளை ஓட்டிவிடும். பழுப்புக் கிவியில் அடைகாப்பது சேவல், 70 முதல் 90 நாள்.

நம் ஊர்க் குளிரும் ஒத்துப்போகும், கிவியைக் கொண்டுவந்து சோலையில் விட்டால் என்ன?
– வாசகர், கூடலூர்

வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரமும் முட்புதர் கார்ஸும் நீலகிரிப் புல்வெளியை என்ன செய்தன என்று கண்முன் பார்க்கிறோம். அதே கார்ஸ் நியூசிலாந்திலும் பெரிய களை. கிவிக்கும் இங்கே வாழ்வில்லை. வௌவால் தவிரத் தரைவாழ் பாலூட்டியே இல்லாத நாட்டில் உருவான பறவை அது. நம் சோலையில் கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாம் உண்டு. நியூசிலாந்திலேயே, மனிதர் கொண்டுபோன ஸ்டோட் என்னும் கீரி போன்ற விலங்கு குஞ்சுகளைத் தின்கிறது. பெரிய கிவியைக் கொல்வது நாய். பறக்கும் பறவைக்கு மார்பெலும்பில் இருக்கும் முகடு கிவிக்கு இல்லாததால், நாய் விளையாட்டாகக் கவ்வினாலே மார்புக்கூடு நொறுங்கிவிடும். 1987இல் வைடாங்கிக் காட்டில் ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு நாய், ரேடியோ கருவி பொருத்திய கிவிகளில் 13ஐக் கொன்றது. காட்டில் மொத்தம் 500 வரை செத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

1994 முதல் அங்கே முட்டைகளைக் காட்டிலிருந்து எடுத்து, பொரிக்கவைத்து, குஞ்சு ஒரு கிலோவைத் தாண்டியதும் திரும்ப விடுகிறார்கள். அந்த எடை வந்துவிட்டால் ஸ்டோட்டை உதைத்து விரட்டும் பலம் அதன் காலுக்கு வந்துவிடுகிறது. நாயிடம் மட்டும் அந்த உதை செல்லாது.