சட்டத்துக்கும் சம்மனுக்கும் நடுவில்

மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு சிகரெட் பிடிக்க முடியவில்லை. என் காசு, என் நுரையீரல். இதற்கெல்லாம் சட்டமா? (பினாங்கு ஆயர் ஈத்தாம் வாசகர்)

புகை உங்கள் நுரையீரலோடு நின்றுவிடுமானால் நானும் உங்கள் கட்சிதான். தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றும் தேநீர், போடுகிற கடைத் தம்பியை நினைத்துப் பாருங்கள். உங்கள் புகை ஒத்துக்கொள்ளாத வாடிக்கையாளர் வேறு மேசைக்குப் போகலாம். அந்தத் தம்பி போக முடியாது. 2019 ஜனவரி 1 முதல் புகைக்க உணவகத்திலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போகச் சொல்வது அதற்காகத்தான்.

மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2010இல் சிவராசா ராசையா வழக்கில் சட்டத்தை எடைபோட மூன்று கேள்விகளைக் காட்டியது. நோக்கம் முக்கியமானதா? விதிக்கும் நோக்கத்துக்கும் தொடர்பு உண்டா? தேவைக்கு மேல் கை நீள்கிறதா? உங்களை யாரும் சிகரெட்டை விடச் சொல்லவில்லை, எழுந்து போகத்தான் சொல்கிறார்கள். என் கணக்கில் இந்த 3 மீட்டர் விதி மூன்றிலும் தேறிவிடுகிறது.

இன்னொரு விதி தேறவில்லை. 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு ஆயுளுக்கும் சிகரெட் விற்கக் கூடாது என்ற பிரிவை 2023இல் புகைப்பொருள் கட்டுப்பாட்டு மசோதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற அரசமைப்பின் 8வது பிரிவோடு அது மோதும் என்பது சட்டத்துறைத் தலைவரின் கருத்து. ஒரே நாள் இடைவெளியில் பிறந்த இருவர் நாற்பது வயதில் ஒரே கடைக்குப் போனால் ஒருவருக்குக் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. எடுத்தது சரிதான். டாக்டர் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு ஹெல்மெட் விலக்கு. எனக்கு மட்டும் சம்மன். இது சமமா? (பட்டர்வொர்த்)

சமம் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டை தைப்பதல்ல. தலைப்பாகை அவர்களுக்குச் சமயக் கடமை, அதன்மேல் ஹெல்மெட் ஏறாது. ஆபத்தும் பெரும்பாலும் அவர் தலையோடு போகிறது. மோட்டாரில் பிரேக் வேண்டாம் என்று விலக்குக் கேட்டால் கதையே வேறு.

சிகரெட் துண்டைக் கீழே போட்டால் 2,000 ரிங்கிட்டாமே? (ஜார்ஜ்டவுன்)

அது உச்சவரம்பு. ஆனாலும் உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 ரிங்கிட்; அல்பார்ட் சொகுசுக் காரில் வருகிறவருக்கு 2,000 ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் 2026 ஜனவரி 1 முதல் வந்த சமூக சேவைத் தண்டனை எனக்குப் பிடித்திருக்கிறது. 12 மணி நேரம் வரை விளக்குமாறு பிடிக்க வேண்டும். பணக்காரனுக்கும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். அப்புறம், தெருக்கோடி வரை நடந்தாலும் குப்பைத்தொட்டி கண்ணில் படாத இடத்தில் மறைந்து நின்று சம்மன் எழுதினால், கோளாறு சட்டத்தில் இல்லை, அமலாக்கத்தில்.

பார்க்கிங், நடைபாதைக் கடை விதிகளையெல்லாம் யாரைக் கேட்டுப் போடுகிறார்கள்? (பெயர் வேண்டாம் என்கிறார்)

உங்களைக் கேட்டு இல்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி ஊராட்சி மன்றம் துணைவிதி போடும், மாநில அரசு உறுதிசெய்யும், அரசிதழில் வந்த பிறகே செல்லும். மன்ற உறுப்பினர்கள் நியமனம் பெற்றவர்கள். 1951இலேயே நகராட்சித் தேர்தல் கண்ட ஊர் ஜார்ஜ்டவுன். 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, 1976 சட்டம் அவற்றை ஒழித்தே விட்டது. தேர்தலைத் திரும்பக் கொண்டுவர பினாங்கு மாநில அரசு கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2014இல் தோற்றது. ஓட்டு வாங்காமல் வந்த ஆட்கள் போடும் விதி நல்லதாகவும் இருக்கலாம், ஆனால் கெட்டதாக இருந்தால் அவர்களை இறக்க உங்களிடம் ஓட்டு இல்லை.

இப்போதைக்கு, சம்மனில் எழுதியிருக்கும் துணைவிதியின் பெயரைக் குறித்துக்கொண்டு, அது அரசிதழில் வந்ததா என்று பாருங்கள். வராத விதி செல்லாது. அதை வைத்தே எதிர்க்கலாம்.