அன்றாட வேலைக்கு மலிவான கொம்பியூட்டர்: கேள்வி பதில்

பாடசாலை வேலை, கடைக் கணக்கு, அலுவலகக் கடிதம். இவற்றுக்குப் போதுமான மேசைக் கொம்பியூட்டரைக் குறைந்த காசில் பொருத்துவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. விலை எதுவும் எழுதவில்லை. கிழமைக்குக் கிழமை மாறுகிறது, அதிலும் ரேம் விலை.

களுவாஞ்சிக்குடி ஆசிரியை: வேர்ட், எக்செல், சூம் வகுப்பு, வினாத்தாள் அடிக்கிறது, அவ்வளவுதான். கடையில "கிராபிக்ஸ் கார்ட் இல்லாம படம் வராது" எண்டு சொல்றாங்க. உண்மையா சேர்?

பாதி உண்மை மிஸ். புரொசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்ட் வேண்டாம். இல்லாத புரொசசரைத் தந்தால் கார்ட் கட்டாயம். ரைசன் 5 5600ஜி இல் இருக்கிறது. வெறும் 5600, 5500 இரண்டிலும் இல்லை. இன்டெல் ஐ3-12100 இல் இருக்கிறது. 12100எஃப் இல் இல்லை. அந்த ஒற்றை எழுத்தில் கொஞ்சம் காசு மிச்சம் போலத் தெரியும். மறுகா கார்ட் வாங்கப் போனால் மிச்சம் பிடித்ததைவிடக் கூடப் போகும்.

உங்களுக்கு ஐ3-12100, எச்610 மதர்போர்ட், 16 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான அட்டை), 450 வாட் பவர் சப்ளை போதும். இன்னும் காசு இருந்தால் திரைக்கும், கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸுக்கும் போடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: எச்610 இல் டிடிஆர்4 போர்டும் டிடிஆர்5 போர்டும் தனித்தனி. ஒன்றின் ரேம் மற்றதில் ஏறாது, ரேமின் நடு வெட்டு இடம் மாறி இருக்கும்.

காத்தான்குடி, கடைக் கணக்கு: பாவிச்ச டெல், எச்பி மெஷின் மலிவாக் கிடைக்குது நாநா. அத எடுக்கிறதா, புதுசாப் பொருத்துறதா?

பில்லும் கணக்கும் மட்டும் என்றால் பாவித்ததை எடுங்கள், லாபம் அதில்தான். ஆனால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். ஐ5-8500 என்றால் சரி. ஐ5-6500, 7500 மலிவாக வருவதற்குக் காரணம் இருக்கிறது: விண்டோஸ் 11 அவற்றை ஏற்பதில்லை, விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. சிலர் குறுக்கு வழியில் 11 ஐ ஏற்றி விற்பார்கள். ஓடும்தான், ஆனால் வருடாந்தப் பெரிய அப்டேட் தானாக ஏறாது. டெல் ஒப்டிபிளெக்ஸ் 3060, 5060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720 எல்லாம் எட்டாம் தலைமுறை.

குறை என்னவென்றால், ஒடுங்கிய கேசிங்கில் வரும் பவர் சப்ளை அந்தந்தக் கொம்பனிக்கே உரிய அளவு. எரிந்தால் சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளை உள்ளே போகாது. உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு, அதைப் பழைய கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்முனை: சாமான் எல்லாம் வந்திட்டு அண்ணே. நானே பொருத்தப் போறன். எங்க பிழைக்கும்?

தம்பி, மதர்போர்டை அது வந்த மட்டைப்பெட்டிக்கு மேல் வைத்து புரொசசர், ரேம், எஸ்எஸ்டி, கூலர் நான்கையும் கேசிங்குக்கு வெளியிலேயே பொருத்து. உள்ளே போன பிறகு கை நுழையாது. புரொசசர் மூலையில் ஒரு முக்கோணம், சொக்கெட்டிலும் ஒன்று. இரண்டையும் சேர்த்து வைத்தால் தன் பாரத்திலேயே இருக்கும், அமத்தாதே. இன்டெல் 1700 சொக்கெட்டில் ஊசிகள் போர்டில் இருக்கின்றன, விரல் பட்டாலே வளையும். புரொசசரைப் பூட்டும் நெம்பை இறக்கும்போது கிறீச் என்று ஒரு சத்தம் வரும், பயப்படாதே. சொக்கெட்டை மூடியிருந்த கறுப்பு மூடி தெறித்து விழும். அதை எறியாதே, உத்தரவாதத்துக்குப் போனால் கேட்பார்கள்.

கூட வந்த கூலரில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் பூசியே இருக்கும். இன்டெல் கூலரின் நாலு காலையும் குறுக்கு மூலையாக அமத்தி, போர்டைத் திருப்பி நாலும் பின்பக்கம் வெளியே வந்ததா பார். ஒரு கால் ஏறாவிட்டாலும் புரொசசர் 100 பாகைக்குக் கிட்டச் சூடாகி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "புது மெஷின் இழுக்குது" என்று வரும் முறைப்பாட்டுக்குக் காரணங்களில் இதுவும் ஒன்று.

கேசிங்கில் பின்பக்கத் தகட்டை முதலில் போடு. போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் போர்டில் ஓட்டை உள்ள இடங்களில் மட்டும் இருக்கட்டும். ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் நின்றால் போர்டின் அடி ஷோட் ஆகும். கடைசியாக வயர்: 24 ஊசிப் பெரிய பிளக் ஒருவரும் மறப்பதில்லை, மேல் மூலையில் புரொசசருக்கான 8 ஊசிப் பிளக்கைத்தான் மறப்பார்கள். அது நாலும் நாலுமாகப் பிரியும். ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு உரியது, அதை இங்கே பலாத்காரமாக ஏற்றினால் போர்ட் போகும்.

ஏறாவூர்: ஃபேன் சுத்துது, படம் இல்ல.

மேலே சொன்ன 8 ஊசிப் பிளக்கை முதலில் பார். மறுகா ரேமைக் கழற்றி, இரண்டு பக்கமும் டக் என்று கேட்கும்வரை ஏற்று. ஒரு ரேமோடு மட்டும் ஓட்டிப் பார். டிடிஆர்5 என்றால் முதல் தரம் சில நிமிடம் கறுப்புத் திரையாகவே இருக்கும். ரேமைப் பழகிக்கொள்கிறது, அவசரப்பட்டு நிறுத்தாதே. ரைசன் 5600ஜி ஐப் பழைய பி450 போர்டில் போட்டிருந்தால் பயோஸ் (போர்டின் உள் மென்பொருள்) பழையதாக இருக்கலாம், கடையில் கொடுத்துப் புதியதை ஏற்ற வேண்டும்.

சம்மாந்துறை: 16 ஜிபி ஒண்டா, 8 ஜிபி ரெண்டா?

இரண்டு. 5600ஜி போல உள்ளே கிராபிக்ஸ் உள்ளதற்கு வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

திருக்கோவில்: கரண்ட் அடிக்கடி போய் வருது. எந்த யூபிஎஸ்?

650 விஏ, உள்ளே வோல்ட் சரிசெய்யும் ஏவிஆர் உள்ளது. கொம்பியூட்டரும் 22 அங்குலத் திரையும் சேர்த்து 100 வாட் அளவு; புது பற்றரியில் கால் மணித்தியாலம் அளவு நிற்கும், சேமித்துவிட்டு நிறுத்த அது போதும். பற்றரி 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி. இரண்டு மூன்று வருடத்தில் அதை மட்டும் மாற்றலாம், முழு யூபிஎஸ்ஸையும் எறிய வேண்டாம். லேசர் பிரின்டரை மட்டும் யூபிஎஸ்ஸில் கொளுவாதீர்கள். சூடாகும் நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும், எல்லாம் சேர்ந்து அணையும்.

கேசிங்கோடு "இலவசமாக" வரும் 500 வாட் சப்ளையை நம்ப வேண்டாம். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிக்குரிய ஆம்பியரைப் பார்த்து 12 ஆல் பெருக்குங்கள். 15 ஆம்பியர் என்றால் உண்மையில் 180 வாட்தான். வாட் குறைவது கூடப் பெரிதில்லை. கரண்ட் துள்ளும்போது சப்ளை தானும் எரிந்து போர்டையும் கொண்டுபோகும். பின்பக்கம் 115/230 சிவப்பு ஆளி இருந்தால் 230 இல் நிற்கிறதா பாருங்கள். 115 இல் நின்றால் போட்ட உடனே வெடிக்கும்.

சித்திரை மாத இடிமழையிலும் ஒக்டோபர், நவம்பரிலும் சுவர்ப் பிளக்கைக் கழற்றுவதோடு ரூட்டர் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் போர்டுக்கு வரும்.

வாழைச்சேனை: கேசிங்கத் தொட்டா சுர்ரெண்டு அடிக்குது. சப்ளை பழுதா?

பெரும்பாலும் இல்லை தங்கச்சி, எர்த் இல்லை. சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கப்பாசிற்றர்கள் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் கேசிங்கோடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் 230 இன் பாதி, 115 வோல்ட் அளவு, தகட்டில் நிற்கும். கரண்ட் மிகச் சிறிது, அதனால்தான் சுர் என்பதோடு நிற்கிறது. எச்டிஎம்ஐ வயரைக் கொளுவும்போது அந்தக் கசிவே எச்டிஎம்ஐ கொளுவும் இடத்தை எரிக்கக்கூடும். மூன்றாம் முனை இல்லாத அடப்டரை மாற்றுங்கள். அப்படியும் அடித்தால் வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு எர்த் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். மணல் தரை காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. வந்த கையோடு ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனையும் அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கேசிங்குக்கு ரப்பர் செருப்போடு போவது பரிகாரம் இல்லை.

கல்லடி: கடலுக்குக் கிட்ட வீடு. ரெண்டு வருசத்தில பழைய மெஷின் துருப்பிடிச்சிட்டு.

உப்புக் காற்று. தினமும் ஓடும் மெஷினில் ஈரம் குறைவாகத்தான் தங்கும். மாதக்கணக்கில் மூடி வைத்ததில் துரு கூடப் பிடிக்கும். யன்னலுக்கு நேரே வைக்க வேண்டாம், மாரியில் வெள்ளம் ஏறும் வீடு என்றால் தரையிலும் வேண்டாம். கச்சான் காற்று முடிந்ததும் ஒரு தரம் திறந்து தூசு ஊதுங்கள், ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு. ரேமின் மஞ்சள் பற்கள் கறுத்திருந்தால் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஏற்றுங்கள்.