வீட்டுக்காக மறைத்தவை: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கக் குடும்பங்களோடு உளவளத்துணைப் பணியில் இருப்பவள் நான். குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக மறைத்து வைத்த விஷயங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இன்று பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

செங்கலடி: அக்கா, 90இல அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போனவங்க. தம்பி அப்ப கைக்குழந்தை. அப்பா நோய் வருத்தத்தில செத்தவர் எண்டுதான் அம்மா அவனுக்குச் சொல்லி வளர்த்தவ. இப்ப அவன் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்காக மாமாங்கக் கோயில்ல தீர்த்தமாடப் போறன் எண்டு நிக்கிறான். அம்மா மறிக்கிறா, ஏன் எண்டு சொல்லுறா இல்ல. நான் சொல்லட்டா?

தங்கச்சி, தம்பிக்கு அப்பா செத்தவர். அம்மாவுக்கு அவர் இன்னும் வரவேண்டியவர். வரவேண்டிய மனிதருக்கு எள்ளும் தண்ணியும் எப்படி இறைப்பது? அதுதான் மறிக்கிறா. அவ இன்னும் பொட்டு வைக்கிறாவா என்று பாருங்க, விளங்கும்.

அன்று அவ சொன்ன பொய்யைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமிருந்தவர்களில் 158 பேரைக் கொண்டுபோன காலம் அது. சென்றியில், அதாவது சோதனைச் சாவடியில், "அப்பா எங்க?" என்று கேட்டால், பிள்ளை வாய் தவறிச் சொல்லும் ஒரு சொல்லுக்கு முழு வீடும் மாட்டுப்படும். வருத்தத்தில் செத்தவர் என்றால் கேள்வி அதோடு நின்றுவிடும். தம்பி ஆளாகி நிற்பதில் அந்தப் பொய்க்கும் பங்கிருக்கிறது.

ஆனாலும் அவன் இப்போது அறியவேண்டும், அது அவனுடைய அப்பாவின் கதை. அம்மாவைத் தாண்டி நீங்க சொல்ல வேண்டாம். அவவோடு தனியே இருந்து, "அவன் பெரியவனாகிட்டான் அம்மா, இனி அவன்ட வாயால ஒருத்தருக்கும் ஒண்டும் வராது" என்று சொல்லுங்க. ஒரு தரத்தில் நடக்காது. இந்த வருடம் தீர்த்தத்தை விடச்சொல்லித் தம்பியிடம் கேளுங்க.

மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அவவை ஒருவரும் வற்புறுத்தக் கூடாது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தத்தின்படி, இறந்தார் என்று எழுதாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் சான்றிதழ் எடுக்கலாம். "செத்தவர் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று நிற்கும் தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல்.

களுவாஞ்சிக்குடி: சுனாமியில தாய் தகப்பனை இழந்த குழந்தையைக் கோட்டால தத்து எழுதியெடுத்து வளர்த்தம். எங்களுக்குப் பிறந்த பிள்ளை எண்டுதான் மகள் நினைச்சிருக்கிறா. இப்ப ஒரு சம்பந்தம் வந்திருக்கு. என்ன குடி எண்டு மாப்பிள்ளை வீட்டார் கேக்கிறாங்க.

ஐயா, சம்பந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு முதலில் மகளிடம் பேசுங்க. நம் பக்கத்தில் குடி என்ற வம்சப் பிரிவு தாய்வழியில் வருவது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை என்பதால் அவர்கள் விசாரிக்கத்தான் செய்வார்கள். விசாரித்தால் பெற்ற தாய் என்ன குடி என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் இருக்கும். அந்த ஆள் உங்களை முந்தக்கூடாது.

"நீ நாங்க பெத்த பிள்ளை இல்ல" என்று தொடங்காதீங்க. பெற்றவளில் தொடங்குங்க: அவட பேர், ஊர், மகளுக்கு அவட சாயல் எதில் இருக்கிறது. படம் ஏதும் தப்பியிருந்தால் கையில் கொடுங்க. மகள் கத்துவா, சாப்பிடமாட்டா, கதவைச் சாத்துவா. கதவுக்கு வெளியில் இருங்க.

ஏன் இத்தனை காலம் மறைச்சீங்க என்று கட்டாயம் கேட்பா. "உனக்காகத்தான்" என்றால் நம்பமாட்டா. "நீ எங்களை விட்டுட்டுப் போயிடுவாய் எண்டு பயந்தம்" என்ற உண்மையைச் சொல்லுங்க. வருகிற டிசம்பர் 26க்கு அவவைப் பெற்றவர்களின் ஊருக்கு நீங்களே கூட்டிப்போங்க.

அக்கரைப்பற்று: வாப்பாக்குப் புற்றுநோய். டொக்டர் எங்களுக்கிட்ட மட்டும்தான் சொன்ன. வாப்பா தாங்கமாட்டார் எண்டு உம்மா மறைக்கச் சொல்றா.

வாப்பா எழுத்து வாசிக்கத் தெரிந்த மனிதர் என்றால் கிளினிக் வாசல் பலகையை வாசித்திருப்பார். நீங்க அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவதையும் பார்த்திருப்பார். அவரும் உங்களுக்காக ஒன்றும் தெரியாதவர் போல இருக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டத் தேவையில்லை. "வாப்பா, டொக்டர் சொன்னதில எவ்வளவு உங்களுக்குத் தெரியணும்?" என்று கேளுங்க. போதும் என்றால் நிறுத்துங்க.

இன்னொன்று: கொடுக்கவேண்டிய கடன், வஸிய்யத் (மரண சாசனம்), ஆரிடமாவது கேட்கவேண்டிய மன்னிப்பு. இதெல்லாம் அவர் நிதானத்தோடு இருக்கும்போது செய்யவேண்டியவை. மறைத்தால் அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமல் போகும்.

வாழைச்சேனை: அவர் கட்டார்ல. அவருக்குத் தெரியாம குழுக்கடன் மூணு எடுத்திட்டன். ஒண்டைக் கட்ட மற்றது.

இன்றிரவே போனில் சொல்லுங்க மகள். தொகையைக் குறைத்துச் சொல்லாதீங்க. பாதி சொன்னால் மறுபடி ஒரு நாள் இதே இடத்தில் நிற்பீங்க. அதுவரைக்கும் நாலாவது கடன் வேண்டாம், காணி உறுதியை ஒருவர் கையிலும் கொடுக்க வேண்டாம்.

கல்முனை: அப்ப எல்லாத்தையும் எல்லாருக்கும் சொல்லிடணுமா மிஸ்?

இல்லவே இல்லை. அக்காவின் முதல் கலியாணம் ஏன் குழம்பியது, தங்கச்சிக்குப் பிள்ளை ஏன் தங்கவில்லை, இதெல்லாம் அயலுக்கு எதற்கு? கேட்டால் கதையை மாற்றுங்க. காணாமல் போனவருக்காக முறைப்பாடு கொடுத்த குடும்பங்கள், ஆரிடம் என்ன சொன்னோம் என்பதைத் தங்களுக்குள் வைத்திருப்பதும் சரியானதே. அதை அவிழ்க்கச் சொல்லி நான் ஒருபோதும் கேட்கமாட்டேன்.

திருக்கோவில்: எனக்கு 15 வயசு. அப்பா குடிச்சிட்டு அம்மாக்கு அடிக்கிற. வெளியில சொன்னா குடும்ப மானம் போயிடும் எண்டு அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறா.

மகன், இந்த இரகசியம் அடிக்கிற கைக்குத்தான் பாதுகாப்பு. அம்மா பயத்தில் வாங்கிய சத்தியம் அது, அதை மீறுவதில் ஒரு பாவமும் இல்லை. 1929 சிறுவர் உதவி இலக்கம், 1938 பெண்களுக்கானது. நேரில் போவதென்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். அதற்காக அம்மா அப்பாவை விட்டுப் பிரியவேண்டும் என்றில்லை. இதை அம்மாவுக்கும் சொல்லுங்க, பல தாய்மாருக்கு இது தெரியாது. அடி நடக்கும்போது நடுவில் பாயாமல் தங்கச்சி தம்பியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போங்க. எந்த வீடு என்பதை இன்றைக்கே முடிவு செய்து, அந்த வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்க.