கோழிக்கடை பிரான்சைஸ்: முற்பணம் கட்ட முதல் எந்தப் பக்கத்தை வாசிப்பது?

கேள்வி: கிளிநொச்சியில் வயலும் சின்னப் பலசரக்குக் கடையும் வைத்திருக்கிறேன். சேமிப்பு 18 இலட்சம். கனடாவிலிருக்கும் அண்ணா 30 இலட்சம் தருவார். அமெரிக்கப் பெயர் ஒன்றில் பொரித்த கோழிக்கடை போட, அந்தப் பெயருக்கு இலங்கை உரிமை வைத்திருக்கும் கொழும்புக் கொம்பனி ஒன்று பிரான்சைஸுக்கு, அதாவது அவர்கள் பெயரிலும் முறையிலும் சொந்தக் காசில் கடை நடத்த, ஆள் தேடுகிறது. விற்பனையில் 6 வீதம் ரோயல்டி (பெயரைப் பாவிப்பதற்கான கட்டணம்), 2 வீதம் விளம்பரம். கொம்பனியின் விபரங்களை அமெரிக்க முறைப்படி எழுதிய வெளிப்படுத்தல் ஆவணமும் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில் 140 பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் 5 இலட்சம் முற்பணம் கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்காம். இதில் எதை வாசிப்பது?

பதில்: தம்பி, முதலில் அந்த வெள்ளிக்கிழமையை விடுங்கள். அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் விதிப்படி, இந்த ஆவணத்தைக் கையில் கொடுத்து 14 நாள் கழியும்வரை கையொப்பமும் வாங்கக்கூடாது, காசும் வாங்கக்கூடாது. இலங்கையில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அதனால் அந்த 14 நாளை நீங்களேதான் கேட்டு வாங்கவேண்டும். அமெரிக்க அரசு பார்த்து ஒப்புக்கொண்ட ஆவணம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். ஆணைக்குழு இவற்றைச் சரிபார்ப்பதில்லை, முன்பகுதியிலேயே அப்படி எழுதியிருக்கும்.

ஆவணத்தில் 23 அம்சங்கள் (ஆங்கிலத்தில் Item) இருக்கும். முதற்பக்கத்திலிருந்து வாசித்தால் ஐந்தாவது அம்சத்திலேயே நித்திரை வரும். நேரே 20ஆம் அம்சத்துக்குப் போங்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை கடை திறந்தது, எத்தனை மூடியது, எத்தனை கைமாறியது என்ற அட்டவணை அங்கே இருக்கும். கைமாறியதை ஊன்றிப் பாருங்கள். நட்டப்பட்டவர் கடையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுப் போனால், கணக்கில் அது மூடிய கடையாக வராது. கடைசி ஆண்டில் விலகியவர்களின் பெயரும் தொடர்பும் அதோடு இருக்கும். ஆனால் அமெரிக்காவில் ஒஹாயோவில் கடை மூடியவரோடு பேசி உங்களுக்கு என்ன வரப்போகிறது? இதே பட்டியலை இலங்கைக் கடைகளுக்குக் கேளுங்கள். நன்றாக நடத்துகிறவரின் நம்பரை அவர்களே தருவார்கள். உங்களுக்கு வேண்டியது விட்டுவிட்டுப் போனவரின் நம்பர்.

அடுத்தது வருமானம். அதைச் சொல்லும் 19ஆம் அம்சம் கட்டாயமில்லை, கொம்பனி விரும்பினால் எழுதலாம். ஆவணத்தில் ஒன்றுமில்லாமல், தேநீர் குடிக்கும்போது மட்டும் “மாதம் நாலு இலட்சம் மிஞ்சும்” என்றால், அந்த வசனத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

சரி, அந்த நாலு இலட்சத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். நாளுக்கு 60,000 ரூபா விற்றால் மாதம் 18 இலட்சம். பொருளுக்கு 45 வீதம் போனால் 990,000 மிஞ்சும். கொம்பனிக்கு 8 வீதம், அதாவது 144,000. வாடகை 60,000 என்று வையுங்கள். ஐந்து பேருக்குத் தலைக்கு 45,000 சம்பளம், நீங்கள் கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்த்து 258,750. மின்சாரம் 90,000. கையில் 437,250. அவர்கள் சொன்னது பொய்யில்லைப் போலத்தான் தெரியும்.

ஆனால் பெரும்போக நெல் விற்ற கையோடு எங்கள் சனம் செலவழிப்பதும் ஐப்பசி விதைப்பு நேரம் செலவழிப்பதும் ஒன்றா? பலசரக்குக் கடை வைத்திருக்கும் உங்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, கடன் கொப்பியே சொல்லும். நாளுக்கு 35,000 என்று இறங்கினால் மாதம் பத்தரை இலட்சம். அதே வாடகை, அதே சம்பளம், அதே மின்சாரம். கொம்பனிக்கு 84,000. உங்களுக்கு 84,750. ரோயல்டி விற்பனையில் எடுப்பது, இலாபத்தில் அல்ல. அவர்களுக்கு நட்டம் என்று ஒரு மாதம் வராது. இதில் காஸ், பழுதாகும் கோழி, கொழும்பிலிருந்து வரும் குளிர்லொறிக் கூலி, உங்கள் சொந்த உழைப்பு எதுவும் சேர்க்கவில்லை.

அந்த 45 வீதத்தைத் தீர்மானிப்பது 8ஆம் அம்சம். மசாலா அவர்களிடம் வாங்குவது நியாயம். கோழியும் எண்ணெயும் அவர்கள் சொல்லும் இடத்தில், அவர்கள் சொல்லும் விலைக்கு என்றால் பரந்தனில் மலிவாகக் கிடைப்பதை நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கவேண்டும்.

12ஆம் அம்சம் எல்லை. “கிளிநொச்சி எனக்கு” என்று நினைத்திருப்பீர்கள். ஒப்பந்தத்தில் மாவட்டம் என்று இருக்கிறதா, கடை முகவரி மட்டும் இருக்கிறதா? முகவரி மட்டுமென்றால் நாளைக்குக் கரடிப்போக்குச் சந்தியில் அவர்களே இன்னொன்று திறக்கலாம். 17ஆம் அம்சத்தில் ஒப்பந்தத்தை முடிப்பதும் வழக்கும் வரும். பிணக்கு கொழும்பில்தான் தீர்க்கப்படும் என்று இருந்தால், ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் 300 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும்.

அப்புறம் பெயர். அமெரிக்காவில் பதிந்த வர்த்தகக் குறி அதனாலேயே இங்கே செல்லாது. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்த சான்றிதழின் பிரதியையும், அமெரிக்கக் கொம்பனி இவர்களுக்குக் கொடுத்த உரிமை எப்போது முடிகிறது என்பதையும் கேளுங்கள். இவர்களுக்கு நாலு வருடம் மிச்சம், உங்களுக்குப் பத்து வருட ஒப்பந்தம் என்றால் கணக்கு இடிக்கும்.

அண்ணாவின் 30 இலட்சம் கடனா, பங்கா என்று அவரோடு எழுதிக்கொண்டீர்களா? பின்னிணைப்புகளில் தனிப்பட்ட பிணை என்று ஒரு தாள் இருக்கக்கூடும். அதில் நீங்கள் கையொப்பமிட்டால் கடன் கடையோடு நிற்காது, வயல்வரை வரும். 140 பக்கத்தையும் உங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணியிடம் கொடுங்கள். கொம்பனி காட்டும் சட்டத்தரணியிடம் அல்ல. முற்பணம் திரும்ப வராது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.