கீசரை மாத்தறதுக்கு முன்னாடி குழாயைப் பாருங்க

போன தடவை பழைய வீட்டுல சுடுதண்ணி லைன் பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்கதான் இந்த வாரம் முழுக்க. எல்லாத்தையும் சுருக்கித்தான் போட்டிருக்கேன், உங்க கடிதம் பாதியா தெரிஞ்சா கோச்சுக்காதீங்க.

கேள்வி (நங்கநல்லூர்): 1983ல அப்பா கட்டின வீடு மேடம். 25 லிட்டர் கீசர், 11 வருஷமா ஓடுது. இப்போ சுடுதண்ணி நூல் மாதிரி வருது, காலையில முதல் அரை வாளி பழுப்பா வருது. ஷோரூம்ல கேட்டா டேங்க் போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்கன்னு சொல்றாங்க. வாங்கிடலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்க. ஷோரூம்காரர் உங்க வீட்டுக்கு வந்து பாக்கவே இல்ல, அப்புறம் எப்படி டேங்க் போச்சுன்னு சொல்றார்? முதல்ல மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி, தண்ணி ஆறினப்புறம், கீசர்ல இருந்து வெளிய வர ஹோஸை ப்ளம்பரை விட்டு கழட்டச் சொல்லுங்க. கீழ வாளி வச்சு உள்ள வர வால்வைத் திறந்து பாருங்க. கீசர் வாயிலேயே தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டினா கீசர் நல்லா இருக்குன்னு அர்த்தம், அடைப்பு சுவருக்குள்ள போற ஜிஐ பைப்புல, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப்புல இருக்கு. 83ல கட்டின வீடுன்னா ஜிஐயாத்தான் இருக்கும். அது உள்பக்கமா துருப்பிடிச்சு துருப்பிடிச்சு, முக்கால் இஞ்ச் பைப்புல கடைசில பென்சில் நுழையற ஓட்டைதான் மிஞ்சும், அதுலயும் சுடுதண்ணி லைன்தான் சீக்கிரம் போகும். பழுப்பு தண்ணியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். அதையும் அந்த வாளியிலேயே பாத்துடலாம், கீசர் வாயிலேயே பழுப்பா வந்தா மட்டும் டேங்க்கை சந்தேகப்படுங்க.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கத்துக்கிட்டேன். மந்தைவெளில நாங்க இருந்த பழைய வீட்டுல இதே பிரச்சனைக்கு ஆறு வருஷத்துல ரெண்டு புது கீசர் வாங்கினேன், ரெண்டாவது மாட்டின அன்னிக்கும் தண்ணி நூல் மாதிரிதான் வந்துது. அப்புறம் ஒரு வயசான ப்ளம்பர் வந்து பைப் திரும்பற இடத்துல இருக்கற ஒரு எல்போவை கழட்டி உள்ளங்கையில வச்சு காட்டினார், உள்ள சிவப்பா கட்டி கட்டியா இருந்துது, ரெண்டு கீசர் காசு போனதை நினைச்சு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

பைப் மாத்தறதுன்னு முடிவானா சுவரை உடைக்கவே வேண்டாம், பழசை அப்படியே அடைச்சு விட்டுட்டு வெளிப்பக்கமா புது லைன் ஓட்டிடலாம். சுடுதண்ணிக்கு சூடு தாங்கற பிளாஸ்டிக் பைப்பான சிபிவிசி போடுங்க. சாதா வெள்ளை பிவிசி போட்டா மலிவா முடியும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, சூட்டுல அது தளர்ந்து ஜாயின்ட்ல விட்டுடும்.

கேள்வி (வேளச்சேரி): கீசர் நாலு வருஷம்தான் ஆகுது, சூடாகும்போது உள்ள கல்லு உருள்ற மாதிரி கடகடன்னு சத்தம். முன்னாடியை விட ரொம்ப நேரம் எடுக்குது. போர் தண்ணி.

பதில்: கடைசி ரெண்டு வார்த்தைலயே பதில் இருக்கு. உப்புத் தண்ணி சூடாக சூடாக அதுல இருக்கற சுண்ணாம்பு பிரிஞ்சு, தண்ணியைச் சூடாக்கற கம்பியான எலிமென்ட் மேல ஓடு மாதிரி படியும், மீதி அடியில கல்லா தங்கும். அந்த சுண்ணாம்புப் படிவைத் தாண்டித்தான் சூடு தண்ணிக்குப் போகணும், அதனால நேரமும் கரண்டும் ஜாஸ்தி ஆகும், கடைசில எலிமென்டே எரிஞ்சு போகும். சர்வீஸ்காரரை கூப்பிட்டு டேங்க்கை முழுசா வடிச்சு, எலிமென்டை வெளிய எடுத்து சுத்தம் பண்ணச் சொல்லுங்க. அப்படியே அனோடு ராடையும் கேட்டுப் பாருங்க. அது மெக்னீசியத்துல ஒரு குச்சி, துரு டேங்க்கை அரிக்கறதுக்கு பதிலா அதை அரிக்கும், அது கரைஞ்சு கம்பி மட்டும் நிக்குதுன்னா அடுத்தது டேங்க்தான். போர் தண்ணி வீட்டுல வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும். சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட்டை 70 டிகிரில வைக்காம 50, 55ல வச்சாலே உப்பு படியறது குறையும், நம்ம ஊர் மார்கழிக்கு அது தாராளம். பாத்ரூம் கழுவற ஆசிட்டை ஊத்தி யாராவது சுத்தம் பண்றேன்னு வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க, உப்போட சேர்த்து எலிமென்டையும் டேங்க்கையும் தின்னுடும்.

கேள்வி (பெரம்பூர்): 5 ஸ்டார் கீசர் வாங்கினா கரண்ட் பில் எவ்வளவு குறையும்?

பதில்: சூடாக்கி வச்ச தண்ணி சும்மா இருக்கும்போது எவ்வளவு சூட்டை இழக்குதுங்கறதுக்குத்தான் அந்த ஸ்டார். 15 லிட்டரை 2 கிலோவாட்ல சூடாக்க நம்ம ஊர்ல கால் மணி நேரம் போதும், குளிச்சதும் ஆஃப் பண்ற வீட்டுல பெருசா வித்தியாசம் தெரியாது.

கேள்வி (கொளத்தூர்): ஆன்லைன்ல சீப்பா கேஸ் கீசர் கிடைச்சுது, பாத்ரூம் உள்ளேயே மாட்டிட்டோம். ஜன்னல் கிடையாது, சின்ன வெண்டிலேட்டர் இருக்கு, கொசுக்காக அட்டை வச்சு மூடியிருக்கோம். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லையான்னு கேக்கற விஷயமா இது? இதைப் படிச்ச உடனே சிலிண்டரை மூடுங்க. மூடின ரூம்ல கேஸ் எரிஞ்சா கார்பன் மோனாக்ஸைடு வரும், வாசனை கிடையாது, கண்ணு எரியாது, மயக்கம் வரதுக்குள்ள கதவைத் திறக்கவே தெம்பு இருக்காது. இப்படி குளிக்கப் போனவங்க செத்துப் போன செய்தி ஒவ்வொரு குளிர்காலமும் பேப்பர்ல வருது. அதைக் கழட்டி, காத்து நல்லா வர வெளி இடத்துல மாட்டி தண்ணியை மட்டும் பைப்புல உள்ள கொண்டு வாங்க. முடியலைன்னா அந்தக் காசு போனா போகுதுன்னு விட்டுடுங்க.

கேள்வி (ராயபுரம்): கீசரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டிருக்கோம், ப்ளக் லேசா கருகுது.

பதில்: கழட்டுங்க. தனி 16 ஆம்ப் பாயின்ட், சரியான எர்த், கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற ஒரு ஆர்சிசிபி, இது மூணும் இல்லாம திரும்பப் போடாதீங்க.

கேள்வி (அம்பத்தூர்): 7 வருஷ வாரண்டின்னு சொல்லி வித்தாங்க. மூணாவது வருஷமே டேங்க் ஒழுகுது. கம்பெனி ஆள் வந்து பாத்துட்டு உங்க தண்ணி சரியில்ல, வாரண்டி கிடையாதுன்னு எழுதாம வாயாலயே சொல்லிட்டுப் போயிட்டார். வயசான அம்மாவுக்காக கடன்ல வாங்கினது.

பதில்: உங்க கடிதத்தைப் படிச்சதும் வயிறெரிஞ்சுது. இந்த வாரண்டி விஷயத்தை நான் பல வருஷமா சொல்லிட்டே இருக்கேன், திரும்பவும் சொல்றேன். பொட்டி மேல பெரிய எழுத்துல போடற 7 வருஷம் டேங்க்குக்கு மட்டும், எலிமென்டுக்கும் மத்த பாகத்துக்கும் வேற வேற கணக்கு, அதெல்லாம் கார்டுல பொடி எழுத்துல இருக்கும். அதுக்கும் கீழ இன்னும் பொடியா தண்ணி இவ்வளவு உப்பா இருந்தா கிடையாது, அனோடு ராடு மாத்தலைன்னா கிடையாதுன்னு இருக்கும். சென்னைல நிறைய வீட்டுல போர் தண்ணியும் லாரி தண்ணியும்தான், அது விக்கறவங்களுக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் எத்தனை கடைல உங்க வீட்டுல என்ன தண்ணின்னு ஒரு வார்த்தை கேக்கறாங்க? நான் பாத்த வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. ராடு மாத்தணும்னு பில் போடும்போது சொல்றதில்ல, ஒழுகினதும் மட்டும் ஏன் மாத்தலைன்னு நம்மளைக் கேக்கறாங்க. இது எனக்கு ஏமாத்தறதாத்தான் தெரியுது.

நீங்க விடாதீங்க. வாரண்டி ஏன் இல்லைங்கற காரணத்தை எழுத்துல கொடுங்கன்னு கம்பெனிக்கு ஈமெயில் போடுங்க, ஒழுகற இடத்தை தேதியோட போட்டோ எடுங்க. தண்ணியை ஒரு லேப்ல டெஸ்ட் பண்ணி வைங்க, கார்டுல போட்டிருக்கற அளவுக்குள்ள இருந்தா அவங்க வாதமே நிக்காது. அடுத்து 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல பதிவு பண்ணுங்க, பல கேஸ் அங்கேயே முடியுது. முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே பேசலாம். பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும், அதனால தள்ளிப் போடாதீங்க.

கேள்வி (மயிலாப்பூர்): பொண்ணு இங்கிலாந்துல பழைய வீடு வாங்கியிருக்கா. சென்ட்ரல் ஹீட்டிங்ல ரேடியேட்டர் மேல சுடுது, அடியில ஜில்லுனு இருக்கு. பாய்லரையே மாத்தணும்னு ஒருத்தர் பெரிய தொகை கேக்கறாராம்.

பதில்: நங்கநல்லூர் கதையேதான், ஊர் மட்டும் வேற. அங்க ஒரே தண்ணிதான் பாய்லருக்கும் ரேடியேட்டருக்கும் சுத்தி சுத்தி வரும். ரேடியேட்டர் இரும்பு உள்ள துருப்பிடிச்சு கறுப்பு சேறா அடியில தங்கும், அதான் அடி ஜில்லுனு இருக்கு. மேல ஜில்லுனு இருந்தா காத்து அடைச்சிருக்குன்னு அர்த்தம், அதை ஒரு சின்ன சாவியால திறந்து விட்டாலே போதும். பொண்ணுகிட்ட சொல்லுங்க, பாய்லருக்கு முன்னாடி லைனை சுத்தம் பண்றதுக்கு தனியா கொட்டேஷன் வாங்கட்டும். பம்ப் வச்சு வேகமா அலசறதுக்கு பவர் ஃப்ளஷ்னு பேரு. ரொம்ப பழைய லைன்னா அதுல பலவீனமான ஜாயின்ட் ஒழுக ஆரம்பிக்கலாம், அதனால முதல்ல கெமிக்கல் ஊத்தி மெதுவா சுத்தம் பண்ணலாமான்னு கேக்கட்டும். முடிச்சதும் துரு தடுக்கற இன்ஹிபிட்டர் ஊத்தணும், பாய்லருக்கு திரும்பி வர பைப்புல காந்த ஃபில்டர் மாட்டணும், இது ரெண்டும் இல்லாட்டி திரும்ப சேறுதான். இன்னொண்ணு, பிரஷர் அடிக்கடி இறங்கி புதுத் தண்ணி ஏத்திட்டே இருக்காளான்னு கேளுங்க. புதுத் தண்ணியோட ஆக்ஸிஜனும் உள்ள போகும், துரு நிக்கவே நிக்காது, அப்போ ஒழுகற இடத்தைத்தான் கண்டுபிடிக்கணும். பழைய பாய்லரை சுத்தம் பண்ணினப்புறமும் மாத்த வேண்டி வரலாம், ஆனா சேறு இருக்கற லைன்ல புதுசை மாட்டினா அதுவும் கெடும். கேஸ் பாய்லர்ல கை வைக்கறவர் அங்க கேஸ் வேலை செய்யறவங்களுக்கான கேஸ் சேஃப் பதிவு வச்சிருக்கணும், கார்டை காட்டச் சொல்லட்டும்.

கேள்வி (திருவான்மியூர்): குழாய்க்கு மேல மாட்டற காந்தம் உப்பை எடுத்துடும்னு சொல்றாங்களே?

பதில்: 4,800 ரூபாய் கொடுத்து வாங்கி ரெண்டு வருஷம் மாட்டி வச்சிருந்தேன். எலிமென்ட்ல உப்பு அதே அளவுக்குத்தான் இருந்துது. வாங்காதீங்க.

கேள்வி (திருவொற்றியூர்): தனியா இருக்கேன்மா, வயசு 71. கீசர் ரிப்பேர்னு நெட்ல கம்பெனி நம்பர் தேடி கூப்பிட்டேன். வந்த பையன் எலிமென்ட், தெர்மோஸ்டாட் ரெண்டும் போச்சுன்னு 6,400 ரூபாய் போன்லயே வாங்கிட்டான், பில் தரல. மறுநாளே திரும்ப ஓடல. இப்போ அந்த நம்பரை எடுக்கறதே இல்ல. பழசை அவன் விட்டுட்டுப் போயிட்டான்.

பதில்: அம்மா, இதுல உங்க தப்பு ஒண்ணுமே இல்ல. கம்பெனி பேரைப் போட்டு போலி நம்பரை நெட்ல ஏத்தி விடறாங்க, படிச்ச பசங்களே ஏமாறறாங்க. போன்ல பணம் போனதால 1930க்கு உடனே கூப்பிடுங்க, அது சைபர் குற்ற உதவி எண், பேங்க் மெசேஜை கையில வச்சுக்கிட்டுப் பேசுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு நல்லது. நிஜ கம்பெனி நம்பர் கீசர் வாங்கின பில்லுலயும் கூட வந்த புக்லயும் இருக்கும், அதுக்குப் போன் பண்ணி உங்க பேர்ல அன்னிக்கு சர்வீஸ் பதிவு ஏதாவது இருக்கான்னு கேளுங்க, இல்லைன்னு சொன்னா அந்த பதிலும் உங்களுக்கு சாட்சிதான். அவன் விட்டுட்டுப் போன பழைய எலிமென்டை காயலான் கடைக்குப் போட்டுடாதீங்க, ஒரு துணியில சுத்தி பத்திரமா வைங்க. கம்பெனியோட சரியான ஆள் வரும்போது அது நிஜமாவே கெட்டதுதானான்னு மீட்டர் வச்சு பாத்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் கீசர் சுவிட்சைப் போடாதீங்கம்மா, அவன் ஒயரை எப்படி மாட்டியிருக்கான்னு தெரியாது, அடுப்புல காய வச்சுக்கோங்க.