பொட்டலத்தில் கேக் வாசனை, கோப்பையில் வெந்நீர்: என்ன கோளாறு?

கேள்வி: இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு தேடுவதைக் குறைக்க, வெனிலா கேரமல் சுவையில் 'குறைந்த கஃபீன்' என்று போட்டிருந்த மூலிகைத் தேநீர் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் கேக் வாசனை தூக்குகிறது. குடித்தால் வெந்நீர் போல இருக்கிறது. தேநீர் மட்டமா, நான் போடும் விதம் தப்பா? தூக்கம் கெடுமா?

பதில்: பெரும்பாலும் போடும் விதத்தைச் சரிசெய்தாலே போதும். அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வெனிலாவும் கேரமலும் இந்தத் தேநீரில் வெறும் வாசனைகள்தான். நாக்கு உணரும் இனிப்பு அவற்றில் கிடையாது. எப்போதும் சர்க்கரையோடு சேர்த்தே அவற்றைச் சாப்பிட்டுப் பழகியதால், மணம் வந்ததும் மூளை இனிப்பை எதிர்பார்க்கிறது. கோப்பையில் அது இல்லாதபோது ஏமாற்றம் இரட்டிப்பாகிறது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்கு குடியுங்கள். லேசான துவர்ப்பு மட்டும் தெரியும். விழுங்கிவிட்டு மூக்கை விட்டு மூச்சை வெளியே விடுங்கள், வெனிலா சட்டென்று எழும். வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்குக்குப் போகும் மணம்தான் இந்தத் தேநீரின் சுவையில் பெரும்பகுதி.

சரி, எப்படிப் போடுவது? ஒரு பையில் சுமார் 2 கிராம்தான் இருக்கும். அது 200 மில்லி தண்ணீருக்கு ஆகும். பெரிய மக் நிறைய ஊற்றினால் நீர்த்துத்தான் போகும். தண்ணீர் நன்றாகக் கொதிக்கட்டும். வேர், பட்டை, காய்ந்த பழத்துண்டு எல்லாம் சாறு விட நேரம் எடுப்பவை. 7, 8 நிமிடம் ஊறவிடுங்கள். சாதாரணத் தேயிலையை இவ்வளவு நேரம் விட்டால் கசந்துபோகும். ஆனால் இந்த வகைகளில் அடிக்கடி சேர்க்கப்படும், தென்னாப்பிரிக்காவில் விளையும் ரூயிபாஸ் என்ற செடியின் இலையில் துவர்ப்பும் கசப்பும் தரும் டானின் குறைவு, அதனால் பயப்பட வேண்டாம். ஊறும்போது கோப்பையை மூடிவைக்க மறக்காதீர்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அடுக்களை முழுக்க மணக்கிறது என்றால் அந்த மணம் உங்கள் கோப்பையை விட்டுப் போய்விட்டது என்று பொருள்.

ஆவி பறக்கப் பறக்கக் குடிக்காதீர்கள். சூட்டில் நாக்கு எதையும் சரியாக உணராது. தவிர, 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை, புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. வெதுவெதுப்பாக ஆனதும், காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். தேநீர் சுவைஞர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், கூச்சம் வேண்டாம். வாயில் பரவவிட்டு விழுங்கி, மூக்கு வழியாக நிதானமாக மூச்சு விடுங்கள். அந்த நொடிக்காகத்தான் இவ்வளவும்.

அப்புறமும் வெறுமையாகத் தோன்றினால் அரை ஸ்பூன் சர்க்கரை போடுங்கள். நாக்கில் கொஞ்சம் இனிப்பு பட்டதும் வெனிலா மணமும் கூடித் தெரியும். ஒரு கேக் துண்டில் இருப்பதோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. பாலும் சேர்க்கலாம், செம்பருத்தி கலந்த வகை என்றால் மட்டும் திரிந்துவிடும்.

தூக்கத்துக்கு வருகிறேன். தேயிலை கலக்காத மூலிகைகள் பெரும்பாலானவற்றில் கஃபீனே கிடையாது. 'குறைந்த' என்று போட்டிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது, உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். சாக்லேட் சுவைக்காகச் சேர்க்கும் கோகோத் தோலில் கொஞ்சம் கஃபீன் உண்டு. அந்த அளவு பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை. பச்சைத் தேயிலையோ, கஃபீன் உள்ள தென் அமெரிக்க மாத்தே இலையோ இருந்தால் இரவில் வேண்டாம். குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

பட்டியலில் அதிமதுரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்க்கரை இல்லாமலே தொண்டையில் தங்கும் இனிப்பைத் தருவது அதுதான். இந்த வகைகளில் எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை. ஆனால் தினமும் நிறையக் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அது இல்லாத வகையை வாங்குவதே நல்லது.

இத்தனைக்குப் பிறகும் கோப்பையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அந்தத் தேநீர் மட்டம்தான். மேலே வாசனையைத் தெளித்திருக்கிறார்கள், கீழே தாங்கிப் பிடிக்கச் சரக்கு இல்லை. அடுத்த முறை ரூயிபாஸ், இலவங்கப்பட்டை, ஆப்பிள் துண்டு போன்றவை பட்டியலில் முதலில் வருகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.