ஏலக்காய் மூட்டையும் கப்பல் சட்டமும்: எல்லையோரக் கேள்விகள்

கொச்சி வழியாக அனுப்பிய 200 மூட்டை ஏலக்காய் நனைந்துவிட்டது. கிலோவுக்கு 2 எஸ்டிஆர்தான் உச்சவரம்பு என்கிறது கப்பல் கம்பெனி. சரியா? (போடி)

பில் ஆஃப் லேடிங்கை (சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீதை) எடுத்துப் பாருங்கள். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) கணக்கு அலகு, ஒரு டாலரைவிடக் கொஞ்சம் கூடுதல். உங்கள் 200 மூட்டையும் சேர்ந்து 10 டன் என்று வைத்துக்கொள்வோம். ‘ஒரு கன்டெய்னர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், கிலோவுக்கு 2 வீதம் உச்சவரம்பு 20,000 எஸ்டிஆர்தான். ‘200 மூட்டை’ என்று எழுதியிருந்தால் மூட்டைக்கு 666.67 வீதம் 1,33,334 வரை கேட்கலாம். உண்மையான நஷ்டம் எவ்வளவோ அதுதான் கிடைக்கும், ஆனால் வரம்பு இடிக்காது. ஏலக்காய் போல விலை கூடிய சரக்குக்கு இந்த ஒரு வரி உயிர்நாடி. மலையில் பறித்துக் காயவைத்தவர்களின் உழைப்பு எழுத்துக் குறையால் போகக் கூடாது. கன்டெய்னருக்கு சீல் போடும் அன்றே மூட்டை எண்ணிக்கை பில்லில் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேப்டன் தவறால் கப்பல் தரைதட்டினாலும் கம்பெனிக்குப் பொறுப்பில்லையாமே? (கம்பம்)

ஆமாம். கப்பலோட்டும் பிழைக்கு விலக்கு தந்தது, கடல் சரக்குக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் சர்வதேச உடன்பாடான 1924 ஹேக் விதிகள். நாம் அடிமை நாடாக இருந்தபோது, 1925-லேயே அது இங்கே சட்டமானது. 2025-இல் வந்த புதிய கடல்வழிச் சரக்குச் சட்டமும் அந்த விலக்கை விடவில்லை. வளரும் நாடுகள் போராடிப் பெற்ற 1978 ஹாம்பர்க் விதிகள் அதை நீக்கின, 1992-இல் நடைமுறைக்கும் வந்தன. ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், சீனா சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. நம் வெளிநாட்டுச் சரக்கில் பெரும்பகுதி அந்நியக் கப்பலில் போகும்போது நாம் ஒதுங்கி நின்றது தவறு என்றே சொல்வேன். இன்னொரு வழி உண்டு: புறப்படும்போதே கப்பல் கடலுக்குத் தகுதியாக இருந்ததா என்று கேளுங்கள். அதில் கம்பெனி அக்கறை காட்டவில்லை என்றால் விலக்கு காப்பாற்றாது. எப்படியும் மரைன் இன்சூரன்ஸ் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

எங்கள் அண்டியாபீஸுக்கு (முந்திரி ஆலைக்கு) நைஜீரியாவிலிருந்து முந்திரிக்கொட்டை வருகிறது. புதிய சட்டம் பொருந்துமா? (மார்த்தாண்டம்)

பொருந்தாது, அது இந்தியத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சரக்குக்கு. நைஜீரியா ஹாம்பர்க் விதிகளை ஏற்ற நாடு: மூட்டைக்கு 835 அல்லது கிலோவுக்கு 2.5 எஸ்டிஆர், எது கூடுதலோ அது. வழக்குப் போட 2 ஆண்டு கெடு. ஆனால் பில்லின் பின்பக்கப் பொடி எழுத்தில் லண்டன் நீதிமன்றம் என்று இருக்கலாம், வக்கீலிடம் காட்டுங்கள். அப்போது கெடு குறையலாம் என்பதால், பாதுகாப்புக்கு 1 ஆண்டு என்றே கணக்கு வையுங்கள்.

விழிஞ்ஞம் வழியாக அனுப்பினால் சட்டம் மாறுமா? (களியக்காவிளை)

மாறாது. தூத்துக்குடி, கொச்சி போலத்தான். வெளியே தெரியாத சேதத்தை, சரக்கு கைக்கு வந்த 3 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று வெளிநாட்டில் வாங்குபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.